மரவாடியிலிருந்து வீடு வரை

ஐதராபாத்தின் நடுவே லக்டி-கா-புல் என்றோர் இடம் இருப்பதை அன்பர்கள் அறிவர். நம் மொழியிற் சொன்னால் மரப்பாலம். புதுச்சேரியிலும் அப்பெயர் கொண்ட சந்திப்பு ஒன்று உண்டு. லக்டி-கா-புல்லில் இன்று நாம் காண்பன சிமெண்டுப் பாலமும், அதன் அடியிற் செல்லும் இருப்புப் பாதையும், தலைக்கு மேலே ஓடும் மெட்ரோ ரயிலுமே. மரம் வேண்டுவோர் அங்கிருந்து வடகிழக்கே முஷீராபாத்துக்கும் போயிகூடாவுக்கும் செல்லுதல் வேண்டும்.

அங்குள்ள மரவாடிகளுள் நுழைந்தவுடன் அறுத்த மரத்தின் மணம் நம்மை எதிர்கொள்ளும். சுவரோரமாகச் சட்டங்களும் பலகைகளும் நெட்டுக்குத்தாக நிறுத்தப்பட்டிருக்கும். விலை கன அடிக்கணக்கு. நாம் தேக்கு என்பதைத் தெலுங்கர் டேகு என்பர். உருது பேசும் வணிகர் சாகவான் என்பர். ஐரோப்பியர் வழங்கும் 'டீக்' என்ற சொல்லும் நம் தென்னாட்டிலிருந்து போர்த்துகீசியர் வாயிலாகச் சென்றதே. எனவே மரவாடியில் மொழி தெரியாமல் விழிக்க வேண்டியதில்லை.

இங்கே பெயர் பெற்றது பல்லார்ஷா தேக்கு. மத்திய மாகாணம் என்ற பெயர் நாட்டுப் படத்திலிருந்து மறைந்து பல ஆண்டுகள் ஆகியும், 'சி.பி. தேக்கு' என்னும் வழக்கு வணிகர் நாவில் வாழ்கின்றது. 1929 முதல் ஓடும் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் சென்னைக்கும் டில்லிக்கும் சென்று வந்தவர்களுக்குப் பல்லார்ஷா ஒரு ரயில் நிலையம். தச்சருக்கோ அது ஒரு மரத்தின் ஜாதி. செட்டிநாட்டு மாளிகைகளின் தூண்களாய் நிற்கும் பர்மாத் தேக்கு இப்போது எளிதிற் கிடைப்பதில்லை. 2014 ஏப்ரலிலிருந்து அந்நாடு உருட்டு மரங்களை ஏற்றுமதி செய்வதைத் தடுத்துவிட்டது. அந்த இடத்தை ஆப்பிரிக்கத் தேக்கு பெரும்பாலும் பிடித்துக்கொண்டிருக்கிறது. விலை குறைவுதான், ஆனால் பழகிய தச்சர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லாமல் வாங்குதல் நன்றன்று.

தச்சர் என்றதும் நம்மவர் பெருமிதம் கொள்ளத்தக்க செய்தி ஒன்று நினைவுக்கு வருகிறது. 2024 ஜனவரியில் திறக்கப்பெற்ற அயோத்திக் கோயிலின் கதவுகளைச் செய்தது இந்நகரின் போயின்பல்லியிலுள்ள அனுராதா டிம்பர் என்னும் நிறுவனம். மரம் பல்லார்ஷாவினது, அதைச் செதுக்கிய கைகள் தமிழ்நாட்டுத் தச்சர்களுடையவை.

அத்தகைய பெருங் கதவுகள் லாரியிற் செல்லும். குடும்பஸ்தர் வாங்கும் நான்கு சட்டங்கள் எதிற் செல்வது? இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எஸ்.யு.வி. என்னும் பெரிய மோட்டார் நிற்கின்றது. ஏழு பேரைச் சுமக்கும் வண்டி ஏழடி மரத்தைச் சுமக்காதா என்ற எண்ணம் எளிதில் எழுகின்றது. பாரத்தைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் சரியே. ஐந்தங்குல அகலமும் மூன்றங்குலக் கனமும் உள்ள தேக்குச் சட்டங்களால் ஆன ஒரு வாசல் நிலை, இரண்டு கால்களும் மேற்சட்டமும் கீழ்ப்படியும் சேர்த்து நாற்பது கிலோவைச் சுற்றியே இருக்கும். ஒரு பள்ளிச் சிறுவனின் எடைதான். தொல்லை தருவது நீளமே. வண்டி வெளியிலிருந்து பதினைந்தடி அளந்தாலும், பின்னிருக்கைகளை மடக்கிய பின் உள்ளே ஆறடி ஏழடிக்கு மேல் நேராகக் கிடத்த இடம் இராது.

என் நண்பர் ஒருவர், தஞ்சை ஜில்லாக்காரர், பூஜை அறைக்கு நிலையும், கூடத்தில் ஊஞ்சல் அமைக்கப் பத்தடி விட்டம் ஒன்றும் வாங்கினார். பிறந்த வீட்டில் ஆடிய ஊஞ்சலைப் பேரப்பிள்ளைகளுக்கும் காட்டவேண்டும் என்பது அவருடைய அவா. நிலைச் சட்டங்கள் வண்டிக்குள் அடங்கிவிட்டன. விட்டத்தை முன்னிருக்கையின் மேல் சாய்த்து, பின்கதவைத் தூக்கிக் கயிற்றாற் கட்டி, எஞ்சியதை வெளியே நீட்டிக்கொண்டு புறப்பட்டார். நான் சற்றுத் தொலைவில் என் ஸ்கூட்டரிற் பின்தொடர்ந்தேன்.

பேகம்பேட்டையில் சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் நிறுத்தினார். அவருக்குப் பின்னால் ஓர் இளைஞர், முன்னே சிறு பெண் குழந்தையை நிறுத்திக்கொண்டு ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். விட்டத்தின் முனை நேர் எதிரே வருகையில், பக்கவாட்டிலிருந்து பார்க்கத் தடியாகத் தோன்றும் மரம் ஒரு சிறு சதுரமாகவே தெரிகின்றது, தொலைவு விளங்குவதில்லை. அவர் காலை ஊன்றி நிறுத்தியபோது, அம்முனைக்கும் குழந்தையின் நெற்றிக்கும் இடையே இரண்டு சாண் இருந்தது. வண்டியோட்டிய நண்பருக்கு இது தெரியாது. தூக்கிய கதவு கண்ணாடியை மறைத்திருந்தது. நான் முன்சென்று சொன்னதும் ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தார். வெகு நேரம் ஒன்றும் பேசவில்லை.

முன்பு சரக்கு வண்டிகளில் பின்புறம் ஒரு மீட்டர் வரை நீட்டிக்கொள்ள விதியில் இடமிருந்தது. 2014இல் மைய அரசு அதனை நீக்கிவிட்டது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டமோ இக்குற்றத்திற்கு இருபதாயிரம் ரூபாய் தண்டம் கூறுகின்றது. சிவப்புத் துணி கட்டினாற் போதும் என்று மரவாடிப் பையன்கள் சொல்வது பழைய கதை.

பின்கதவைத் திறந்துவைத்து ஓட்டுவதில் இன்னோர் அபாயமும் உண்டு. வண்டியின் புகை உள்ளே இழுக்கப்படும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமுமில்லை, நிறமுமில்லை. முன்னே சாய்த்த மரமும் சும்மா இருக்காது. திடீரென்று பிரேக் போட்டால் வண்டி நிற்கும், மரம் நில்லாது; கண்ணாடியை உடைத்துக்கொண்டு போகும். கூரைமேற் கட்டலாமே என்பார்க்கு: பல வண்டிகளின் கூரை தாங்குவது 50 முதல் 75 கிலோதான். மேலும், நடுவே மட்டும் கட்டிய நீண்ட மரம் காற்றில் மூக்கைத் தூக்கும். முன்னும் பின்னும் இழுத்துக் கட்டினாலன்றி அது நம் வசத்தில் இராது.

நண்பர் முதலில் ஒரு டிராலி ஆட்டோவை நிறுத்தினார். அதன் தட்டும் போதவில்லை. 'குட்டி யானை' என்று நம்மவர் செல்லமாக அழைக்கும் வண்டியின் தட்டும் ஏழடிதான். அதிலும் மரம் வெளியே நீளும். இறுதியில் ஒன்பதடித் தட்டுள்ள பிக்கப் வண்டி ஒன்றை வரவழைத்து, மூலைக்கு மூலை குறுக்காகக் கிடத்தினார்கள். பத்தடி மரம் உள்ளேயே அடங்கிற்று. கணக்கிற் பள்ளிக்கூடத்திற் படித்த மூலைவிட்டம் இவ்வாறு பயன்படும் என்று யார் கண்டார்! வாடகையைக் கேட்டு நண்பரின் இல்லத்தரசியார் முகம் சுளித்தார். நடந்ததைக் கேட்டபின் தாமே பணத்தை எடுத்துக் கொடுத்தார்.

அடுக்ககத்தை அடைந்ததும் வேறொரு பேரம் காத்திருந்தது. லிப்டில் விட்டம் நுழையாது. ஹமாலிகள் இருவர் மாடிக்கு இவ்வளவு என்று கூலி பேசி, ஐந்து மாடிகளுக்கும் படிவழியே தூக்கிச் சென்றனர். ஒவ்வொரு திருப்பத்திலும் மேலே இருப்பவர் முனையை உயர்த்த, கீழே இருப்பவர் மடங்கி உட்கார, மரம் சுவரிற் படாமல் திரும்பிற்று. மூன்றாம் மாடியில் ஒரு வீட்டார் அவர்களுக்கு மோர் கொடுத்தனர். மரத்தை உடனே இழைக்க வேண்டாம், சில வாரம் வீட்டுக் காற்றிற் பழகட்டும் என்று தச்சர் சொல்லிவிட்டதால், விட்டம் இப்போது கூடத்துச் சுவரோரம் இரண்டு செங்கற்களின்மேற் கிடக்கின்றது. பேரப்பிள்ளைகள் அதன்மேல் வரிசையாக உட்கார்ந்து ரயில் விளையாடுகிறார்கள்.