குளிசை முடிந்தது, நோய் முடியவில்லை



பிறர் வீட்டுத் தவறைச் சொல்வது எளிது. இன்று என் வீட்டுத் தவறை உங்கள் முன் வைக்கிறேன். இதைப் படித்து ஒரு வீட்டிலாவது அது நடவாமல் போனால் அதுவே போதும்.

என் தங்கைக்கு இரத்தப் புற்றுநோய் வந்தது. தமிழகத்து வைத்தியசாலையொன்றில் எலும்பு மச்சை மாற்றுச் சிகிச்சை செய்தார்கள். உடன்பிறந்தவர் முழுமையாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பே உண்டு. அல்லாஹ்வின் கிருபையால் நான் பொருந்தினேன். என் இரத்தத்திலிருந்து மூலக்கலங்களைப் பிரித்து அவளுக்கு ஏற்றினார்கள். இச்சிகிச்சையை வளர்த்தெடுத்த அமெரிக்க வைத்தியர் டொன்னல் தோமஸ் 1990 இல் நோபல் பரிசு பெற்றவர். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்டதும் அதே ஆண்டுதான். அன்று சிறுவனாயிருந்த எனக்கு, அந்த மனிதரின் உழைப்பு ஒருநாள் என் தங்கைக்கு உதவும் என்று எப்படித் தெரியும்!

சில மாதங்களில் தங்கை சோனகத் தெருவுக்குத் திரும்பினாள். முகம் தெளிந்தது, பசி எடுத்தது. தினமும் விழுங்க வேண்டிய குளிசைகளில் ஒன்று ஈரலுக்கானது. சிகிச்சைக்கு முந்திய பரிசோதனையில், ஹெபடைடிஸ் பி வைரஸ் எப்போதோ அவள் உடலில் புகுந்திருந்தது தெரியவந்தது. இலங்கையில் குழந்தைகளுக்கு இந்நோய்த் தடுப்பூசி 2003 இல்தான் தொடங்கியது. நாங்கள் அதற்கு முன் பிறந்தவர்கள். உடலின் எதிர்ப்புச் சக்தி அந்த வைரஸை அடக்கி வைத்திருந்தது. ஆனாலும் அது முற்றாக அழியாமல் ஈரலில் உறங்கிக் கிடந்தது. மாற்றுச் சிகிச்சை பழைய எதிர்ப்புச் சக்தியை அழித்துவிடும், புதியது வளர ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அதுவரை அந்தக் குளிசைதான் காவல்.

பெட்டி முடிந்தபோது, "நல்லாத்தானே இருக்கிறன் நானா, இன்னும் எதுக்கு?" என்றாள். செலவைக் கணக்குப் பார்த்த நான், "சரி, விடு" என்றேன். வைத்தியரிடம் கேட்கவில்லை.

மூன்றாம் மாதம் அவள் கண் மஞ்சளித்தது. சலம் கறுத்த தேநீர் போலப் போனது. செங்கண்மாரி என்று உம்மா கிணற்றடியில் கீழ்காய் நெல்லி பிடுங்கி அரைத்துப் பாலில் கொடுத்தார். நானும் சரி என்றேன். நான்கு நாட்கள் வீணாயின. வாந்தி நிற்காதபோதுதான் வைத்தியசாலைக்கு ஓடினோம்.

அங்கே வைத்தியர் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. இத்தகைய நோயாளிக்குக் கண் மஞ்சளிப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. உறங்கிய வைரஸ் விழிக்கலாம். வேறு வைரஸ்களும் ஈரலைத் தாக்கலாம். தானமாக வந்த கலங்களே ஈரலைத் தாக்கலாம். முதல் வாரங்களில் ஈரலின் நுண்ணிய இரத்தக் குழாய்கள் அடைபடலாம், மருந்தும் கெடுக்கலாம். தானக் கலங்களின் தாக்குதலென்றால் எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்க வேண்டும். வைரஸ் என்றால் அப்படி அடக்குவதே ஆபத்தாகலாம். இரத்தப் பரிசோதனையின்றி வீட்டில் எப்படிப் பிரித்தறிவது?

பல வாரங்கள் வைத்தியசாலையில் கிடந்தாள். குளிசை மீண்டும் தொடங்கியது. அல்ஹம்துலில்லாஹ், பிழைத்தாள். ஆனால் ஈரலில் தழும்பு இருக்கிறது.

இன்னொரு வேதனையும் உண்டு. சொந்தக்காரர் சிலர் அவளுடைய கோப்பையைப் பிரித்து வைத்தார்கள். இந்த வைரஸ் ஒன்றாக உண்பதால் தொற்றாது. இரத்தத்தாலும், தாம்பத்திய உறவாலும், பிரசவத்தில் தாயிடமிருந்து பிள்ளைக்கும் தொற்றும். சவர அலகையும் பல்துலக்கும் தூரிகையையும் பகிரக் கூடாது. கோப்பையைப் பிரிப்பது மனதைத்தான் உடைக்கும்.

சகோதரிகளே! உங்கள் வீட்டில் இப்படியொரு நோயாளி இருந்தால், வைத்தியர் நிறுத்தச் சொல்லும்வரை எந்தக் குளிசையையும் நிறுத்தாதீர்கள். கண் மஞ்சளித்தாலோ, வயிறு ஊதினாலோ, எடை திடீரென ஏறினாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்டுங்கள். மூலிகை கொடுக்குமுன் வைத்தியரைக் கேளுங்கள். பழைய தடுப்பூசிகளின் பலன் குறைந்திருக்கும், எவற்றை எப்போது மீண்டும் போடுவதென்றும் அவரையே கேளுங்கள். நோய் விசாரிப்பது நற்கருமம்தான். ஆனால் தடிமனோ கொப்புளிப்பானோ உள்ளவர் வீட்டிலிருந்தே துஆ செய்வதும் நற்கருமமே.

என் இரத்தத்தைக் கொடுத்த நான், ஒரு கேள்வி கேட்கச் சோம்பினேன். நீங்கள் கேளுங்கள். அல்லாஹ் நோயுற்ற அனைவருக்கும் ஷிபாவை அருள்வானாக. ஆமீன்.