ஆண் கடலில் பெண்கள்

உங்கள் வீட்டு அலமாரியில், ஜவ்வரிசி டப்பாவுக்கும் சேமியாப் பொட்டலத்துக்கும் நடுவில், 'சைனா கிராஸ்' என்ற சின்னப் பொட்டலம் ஒன்று ஒளிந்துகொண்டிருக்கிறதா, பாருங்கள். இல்லாவிட்டால் அடுத்த வீட்டு முஸ்லிம் அம்மாளைக் கேளுங்கள். நோன்புக் காலத்தில் அவர்கள் வீட்டில் அது இல்லாமல் இராது. 'கடல்பாசி' என்பார்கள். பார்வைக்கு வெளுத்துப்போன நார் மாதிரி இருக்கும். ஊறவைத்துக் காய்ச்சி, பாலும் சர்க்கரையும் சேர்த்துத் தட்டில் ஊற்றிவிட்டு நாம் பாட்டுக்கு வேறு காரியத்தைக் கவனிக்கலாம். ஐஸ் பெட்டி கூட வேண்டியதில்லை. திரும்பி வந்து பார்த்தால் பளபளவென்று உறைந்து, கத்தியை எடு என்று காத்திருக்கும்!

சித்திரை வெயிலிலும் உருகாத இந்தக் குணத்துக்குப் பின்னால் ஒரு குடும்பத் தலைவியின் கதை உண்டு. 1881-ஆம் வருஷம் ஜெர்மனியில் ராபர்ட் கோக் என்ற மேதை நோய்க் கிருமிகளை வளர்த்துப் பார்க்க அரும்பாடு பட்டுக்கொண்டிருந்தார். கிருமிகளுக்கு அவர் போட்ட ஜெலட்டின் படுக்கை சற்றுச் சூடு பட்டால் உருகி ஓடிற்று. அவரிடம் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே என்பவர் தம் மனைவி ஃபேனியிடம், "உன் ஜெல்லி மட்டும் கோடையில் உருகுவதில்லையே, அது எப்படி?" என்று கேட்டாராம். ஜாவாவில் வாழ்ந்து வந்தவர்களிடம் கற்றுக்கொண்ட அகர்-அகர் ரகசியத்தை அந்த அம்மாள் சொன்னாள். அன்று முதல் இன்று வரை உலகத்து ஆய்வுக்கூடங்களில் கிருமிகள் அதில்தான் வளர்கின்றன. கோக் 1882-இல் எழுதிய கட்டுரையில் அகர் வந்தது. அம்மாளின் பெயர் வரவில்லை. எந்தக் காலத்திலும் சமையலறைக்குக் கிடைக்கும் மரியாதை இவ்வளவுதான் போலும்!

அகர் என்பதும் சைனா கிராஸ் என்பதும் ஒன்றே. பெயரில்தான் சைனா, நம் நாட்டு அகர் ஆலைகளுக்கு வேண்டிய பாசி நம் ராமநாதபுரக் கடலிலேயே முளைக்கிறது. அதைப் பறிக்கிறவர்களைப் பார்த்துவிட வேண்டும் என்று எனக்கு வெகு நாளாக ஆசை. போன மாசி மாதம் ராமேசுவரம் போகும் பஸ்ஸில் ஏறி, ராமேசுவரத்துக்கு முன்பாகவே பாம்பனில் இறங்கிவிட்டேன். "கோயிலுக்கு வரலையாம்மா?" என்று பக்கத்து ஸீட்டுப் பாட்டி என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

பாம்பனில் எல்லோரும் பாலத்தைத்தான் பார்ப்பார்கள். 1914-இல் திறந்த பழைய ரயில் பாலத்துக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, 2025 ஏப்ரலில் புதிதாக ஒன்றைத் திறந்திருக்கிறார்கள். நடுப்பாகம் அப்படியே லிப்ட் மாதிரி மேலே எழும்பிக் கப்பலுக்கு வழிவிடுகிறது. பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அந்த ஊர் ஜனங்கள் பாலத்தின் இரு பக்கத்துக் கடலுக்கும் வைத்திருக்கும் பெயர்கள் பாலத்தைவிட விசேஷமானவை. வடக்கே உள்ள பாக் ஜலசந்திக் கடல் பெண் கடலாம். அநேகமாகச் சாதுவாக இருக்கும். தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். அலையும் ஆர்ப்பாட்டமும் அதற்குத்தான். பாசி பறிக்கும் பெண்கள் முழுகுவது ஆண் கடலில்!

தென்கரையில் இருக்கிறது சின்னப்பாலம். கரையில் நின்று பார்த்தால் குருசடைத் தீவு பச்சைக் கோடு போட்டாற்போல் தெரிகிறது. பொழுது விடிவதற்கு முன்பே வள்ளத்தில் கிளம்பிப் போனவர்கள், நான் போய்ச் சேர்ந்த நடுப்பகலில்தான் திரும்பிக்கொண்டிருந்தார்கள். ஒரு வள்ளத்தில் ஏழெட்டுப் பெண்கள். சேலைக்கு மேலே ஆண்பிள்ளைச் சட்டை, நெற்றியில் தூக்கிவிட்ட கண்ணாடி, காலில் ரப்பர் செருப்பு, இடுப்பில் வலைப்பை, விரல்களில் துணிச் சுற்று. ராட்டினத்தில் ஏறவே தயங்கும் என்னைப் போன்றவர்களுக்கு அவர்களைப் பார்த்தாலே மூச்சு முட்டும். மூச்சை அடக்கி முழுகி, பாறையில் ஒட்டியிருக்கும் பாசியைக் கிள்ளிப் பையில் போட்டுக்கொண்டு மேலே வரவேண்டும், மறுபடி முழுகவேண்டும். இப்படி மணிக்கணக்கில்.

நான் காமிராவை எடுத்ததும் ஓர் அம்மாள் துணிச் சுற்றைப் பிரித்துக் கையை நீட்டினாள். "படம் எடுக்கிறதா இருந்தா முதல்ல இதை எடுங்கக்கா" என்றாள். விரல் நுனியெல்லாம் பாறை கீறிய கோடுகள். இதற்கு மேல் சொறிமீன் உண்டு, திருக்கை முள் உண்டு. எனக்குக் காமிராவைப் பைக்குள் வைத்துவிடத்தான் தோன்றிற்று.

பாசிகளுக்கு அவர்கள் இட்டிருக்கும் பெயர்களைக் கேளுங்கள்: மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி, கட்டக்கோரை, பக்கோடாப் பாசி! முதல் இரண்டிலிருந்து அகர் எடுக்கிறார்கள். அதிலும் மரிக்கொழுந்துக்குத்தான் மவுசு அதிகம். மற்ற இரண்டிலிருந்து ஆல்ஜினேட் என்ற பசை கிடைக்கிறது. நீங்கள் கட்டும் புடவையில் பூப் போடும் அச்சுச் சாயத்தில் அது சேருகிறது, ஐஸ்கிரீமிலும் சேருகிறது.

இனி பணத்துக்கு வருவோம். நான் போனதே அதற்காகத்தான்.

ஈரமாக இருக்கும்போது இரண்டு கையாலும் தூக்க முடியாத பாசி, மணலில் பரப்பிக் காயவைத்தால் சுருங்கிப் போகிறது. காய்ந்த எடைக்குத்தான் விலை. எடை போடுகிறவர் உள்ளூர் வியாபாரி. மணலுக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு என்று கழித்து நோட்டில் எழுதிக்கொள்கிறார். அவரிடமிருந்து மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போகிறது. அங்கே காய்ச்சி, வடிகட்டி, உறையவைத்து, உலர்த்தி, கடைசியில் நம் பொட்டலமாகிறது. ஒவ்வொரு படியிலும் விலை ஏறுகிறது. முதல் படியில் நிற்பவள் மட்டும் ஏறுவதில்லை.

"வேறே வியாபாரியிடம் கூடுதல் விலைக்குப் போடக்கூடாதா?" என்று கேட்டேன். பட்டணத்துக் கேள்வி! எல்லோரும் சிரித்தார்கள். முன்பணம் வாங்கியிருக்கிறார்களே! மளிகைக் கடையில் மூன்று மாதப் பாக்கி வைத்துக்கொண்டு, எதிர்க் கடையில் துவரம்பருப்பு மலிவு என்று நாம் போக முடியுமா? அந்தக் கதைதான். கடன் வாங்கியவருக்கே பாசியைப் போட வேண்டும். விலையைச் சொல்லுகிறவரும் அவரே.

வியாபாரியை உடனே தொடர்கதை வில்லனாக்கிவிடாதீர்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குழந்தைக்கு வலிப்பு வந்தால் எந்த பாங்கியும் கதவு திறக்காது, அவர் திறப்பார். மழைக் காலத்தில் கடலுக்குப் போக முடியாத வாரங்களில் அரிசிக்குக் கொடுப்பவரும் அவர்தான். வட்டி என்று அவர் பெரும்பாலும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய அவசியமும் இல்லை. கிலோவுக்குக் குறைத்துக் கொடுக்கும் ரூபாயில் அது அடங்கிவிடுகிறதே!

இப்படிக் கையைக் கடிக்கும் வரும்படியில், இந்தப் பெண்கள் செய்துகொண்டிருக்கும் ஏற்பாடுதான் என்னைத் திகைக்க வைத்தது. மாதத்தில் 12 நாள்தான் பாசிக்குப் போவதென்று தங்களுக்குள் பேசி வைத்திருக்கிறார்கள். இரும்புச் சுரண்டி கூடாது. கையால்தான் கிள்ள வேண்டும். பவளப் பாறை மேல் கை வைக்கக் கூடாது. கோடையில் மீன் குஞ்சு பொரிக்கும் சமயம் கடலுக்கே விடுமுறை.

"மற்ற நாளெல்லாம் பாசி அங்கேயேதானே இருக்கும்? போனால் காசாயிற்றே!" என்றேன்.

கூட்டத்தில் மூத்தவளான ஓர் அம்மாள், சேலையைப் பிழிந்துகொண்டே சொன்னாள்: "எங்களுக்கு வயக்காடு ஏதும்மா? இதுதான் வயலு. வேரை விட்டுட்டுக் கிள்ளினா மறுபடி தழையும். சுரண்டினா பாறைதான் மிஞ்சும். பாறையை யாரு வாங்குவா?"

இது சுலபமாகத் தோன்றுகிறது, ஆனால் சுலபமல்ல. குழாயடியை நினைத்துப் பாருங்கள். வரிசையில் குடம் வைத்திருக்கிறோம். நம் தெருக்காரர்கள் மட்டும் இருக்கும் வரையில் ஒரு முணுமுணுப்போடு வரிசை நடக்கும். 'நாம் விட்டுக் கொடுத்தால் வேறு எவளோ பிடித்துக்கொண்டு போய்விடுவாள்' என்ற பயம் ஒருத்திக்கு வந்துவிட்டால் போதும், குடங்கள் உருளும். கடல் இன்னும் பெரிய குழாயடி. அதற்கு வேலியும் இல்லை, பட்டாவும் இல்லை. பாக் ஜலசந்திப் பக்கத்திலே வாரத்தில் மூன்று நாள் விசைப்படகுகளுக்கு, நான்கு நாள் நாட்டுப் படகுகளுக்கு என்று பங்கு பிரித்திருக்கிறார்களே, அதுவும் அடிதடிக்குப் பிறகு பிறந்த வரிசைதான்.

இந்தப் பெண்களின் வரிசைக்கு ஒரு பெரிய குறை இருக்கிறது. சட்டத்தின் கண்ணில் அவர்கள் அங்கே நிற்கவே கூடாது!

தூத்துக்குடியிலிருந்து ராமேசுவரம் வரை உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள கடலையும் 1986-இல் தேசியப் பூங்காவாக ஆக்கினார்கள். செய்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் சுண்ணாம்புக்காகப் பவளப் பாறையை வண்டி வண்டியாக வெட்டி எடுத்தார்கள். பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் கடலுக்குள் போனதே அதனால்தான். காவல் போடாமலிருந்தால் இன்னும் சில போயிருக்கும். ஆகவே வனத்துறையாரைக் குறை சொல்லிவிட்டுப் போவதில் அர்த்தமில்லை. ஆனால் 1960-களிலிருந்தே இந்தக் கரையில் பாசி வியாபாரம் நடந்துவருகிறது. பாட்டி முழுகிய இடத்தில் பேத்தி முழுகினால் அத்துமீறல் என்று ஆகிவிட்டது. காவல் கடுமையானபோது அபராதம் விழுந்தது, வள்ளங்கள் பிடிபட்டன. அபராதம் கட்டப் பணம்? அதற்கும் வியாபாரியின் நோட்டில் ஒரு வரி!

பெண்கள் சங்கம் கூடி அதிகாரிகளிடம் பேசினார்கள். 'நாங்கள் பாசியை அழிப்பவர்கள் அல்ல. இதோ எங்கள் கட்டுப்பாடு' என்று காட்டத்தான் 12 நாள் கணக்கை எடுத்துச் சொன்னார்கள். அவர்களை முன்னின்று நடத்திய சின்னப்பாலத்து லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் ஸீகாலஜி பரிசு கிடைத்தது, பத்தாயிரம் டாலர். தீவுகளையும் அவற்றின் கடலையும் காப்பவர்களுக்கு வருஷந்தோறும் கொடுக்கும் பரிசு அது. இங்கே அத்துமீறிய கைக்கு அங்கே காவல் பரிசு! பரிசு வந்தது, கடலில் இன்ன இடத்தில் முழுகலாம் என்ற உரிமைச் சீட்டு அதோடு வரவில்லை.

சீட்டு எதற்கு என்று கேட்கலாம். நாளைக்கு வெளியூரிலிருந்து நாலு வள்ளம் சுரண்டியோடு வந்தால், 'இது எங்கள் இடம், 12 நாள்தான்' என்று இவர்கள் யாரிடம் போய்ச் சொல்வது? தாங்களே திருட்டுத்தனமாக நிற்கிற இடத்தில் காவல்காரனைக் கூப்பிட முடியுமா?

முழுகுவதற்குப் பதிலாக மூங்கில் மிதவை கட்டிப் பாசி வளர்க்கும் தொழில் 2000-க்குப் பிறகு இந்தப் பக்கம் பரவியிருக்கிறது. கப்பாபைகஸ் என்ற அயல்நாட்டுப் பாசி. அதிலும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து சம்பாதித்திருக்கிறார்கள். ஆனால் அதே பாசி குருசடைத் தீவருகே பவளப் பாறைகள் மேல் படர்ந்து மூடுவதையும் கண்டிருக்கிறார்கள். ஒன்றைக் காக்கப்போய் இன்னொன்று! மிதவைக்கு மூங்கிலும் கயிறும் விதையும் வாங்க முதல் வேண்டும் என்பது வேறு. முழுகுகிறவளுக்குத் தன் மூச்சுதான் முதல்.

நான் புறப்படும் சமயம் எடை முடிந்துவிட்டது. அன்று பன்னிரண்டாவது நாளாம். வள்ளத்தை மேட்டில் ஏற்றிக் கட்டினார்கள். "நாளையிலிருந்து ஓய்வா?" என்று கேட்டேன்.

"ஓய்வா!" என்றாள், கையை நீட்டிக் காட்டினாளே, அந்த அம்மாள். "நாளைக்கு நண்டுக் கம்பெனியில் கூப்பிட்டா போவேன். இல்லாட்டி கருவாடு காயப்போடணும். நோட்டுல பாக்கி இருக்குல்ல?"

பிரிக்காமல் வைத்திருந்த இன்னொரு கையின் துணிச் சுற்றை அப்போதுதான் அவிழ்த்தாள். மரிக்கொழுந்துப் பாசி ஒரு கொத்தை என் கையில் வைத்து, "வீட்டுல காட்டுங்க" என்றாள். பஸ்ஸில் வரும்போதே அது காய்ந்து சுண்டிவிட்டது. வீட்டில் என் பெண் பார்த்துவிட்டு, "இந்தத் துளிக்காகவா அவ்வளவு தூரம் போனாய்?" என்று கேட்டாள்.