கால் என்ர, அண்ணா

தம்பிக்கு வருத்தம் என்று தெரிந்த கிழமை எங்கள் வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை. "சின்னக் கட்டியொண்டு, எடுத்தாச் சரி" என்றார்கள். அம்மம்மா "அந்த வருத்தம்" என்று தொடங்கிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டா. அவனுக்கு இருபது வயது. ஏ.எல். எழுதிவிட்டுக் கம்பஸ் கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருந்தவன். வாக்குப் போடலாம், லைசன்ஸ் எடுத்து கண்டி வீதியில் மோட்டச்சைக்கிள் ஓடலாம். தன்னுடைய காலுக்குள் என்ன வந்திருக்கிறது என்பது மட்டும் அவனுக்குத் தெரியக்கூடாதாம்.

தம்பி என்றால் என் சின்னம்மாவின் மகன். அரியாலையில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் ஒரு வேலி, வேலியில் ஒரு பொட்டு. அந்தப் பொட்டுக்குள்ளால் போய்வந்து வளர்ந்தவர்கள் நாங்கள். அவன் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் போடக்கூடாது என்பதும் அவன் சொன்னதுதான்.

முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே உளைவு என்றுதான் தொடங்கியது. ஃபுட்போல் விளையாடுகிற பெடியனுக்குக் கால் நோகாமல் என்ன செய்யும்? எண்ணெய் பூசினோம், பத்துப் போட்டோம், ஒரு முறிவு வைத்தியரிடம் கொண்டுபோய்க் கட்டுக் கட்டினோம். இரண்டு மாதம் போய்விட்டது. பகலில் நொண்டி நொண்டித் திரிவான், இரவில்தான் நித்திரை கொள்ளமுடியாமல் முனகுவான். இதை வாசிக்கிறவர்களுக்கு ஒரு விசயம்: எலும்பில் வருகிற இந்த ஒஸ்டியோசார்க்கோமா பதின்ம வயதிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் கூடுதலாக வரும். எலும்பு வேகமாக வளருகிற முழங்கால் பக்கத்தில்தான் அநேகமாக வரும். அடிபட்ட நோ நாள் போகப் போகக் குறையவேணும். குறையாமல், இரவில் கூடி, வீக்கமும் இருந்தால் முதலில் ஒரு எக்ஸ்ரே எடுங்கோ. பத்தைப் பிறகு பார்க்கலாம்.

பயொப்சி எடுத்த பிறகு ஒரு இரவு வாட்டில் அவனோடு நான் நின்றேன். ஆம்பிளையளின் வாட் என்பதால் சின்னம்மாவை இரவில் நிற்க விடமாட்டார்கள். பிளாஸ்டிக் கதிரையில் தூங்கி விழுந்துகொண்டிருந்தபோது கேட்டான்:

"அண்ணா, இது ஒஸ்டியோசார்க்கோமாதானே?"

"டேய், படு. காலமை டொக்டர் சொல்லுவார்."

அவ்வளவுதான் நான் சொன்னது. அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டான். நாலு நாளாக அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஃபோர்மில் எழுதியிருந்ததை ஃபோனில் போட்டுத் தேடி வாசித்திருக்கிறான். அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டா என்று தன்பாட்டில் வைத்திருந்திருக்கிறான். அம்மா இவனுக்குத் தெரியக்கூடாது என்று குசினிக்குள் போய் அழுதுகொண்டிருந்தா. ஒரே வீட்டுக்குள் எல்லாரும் எல்லாருக்கும் ஒளித்த நாட்கள் அவை. அந்த நாலு நாளும் அவன் எப்படி இருந்திருப்பான் என்பதுதான் இன்றைக்கும் எனக்குக் கரைச்சல் தருகிறது.

காலமை டொக்டரிடம் போய், "அவனோடயே நேர கதையுங்கோ டொக்டர்" என்றேன். சின்னம்மா என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை.

டொக்டர் கட்டிலில் இருந்து, தாளில் படம் கீறிக் காட்டினார். முதலில் இரண்டரை மாதமளவில் கீமோ, பிறகு ஒப்பரேஷன், அதன் பிறகு திரும்பவும் கீமோ. எல்லாம் சேர்த்து ஏழெட்டு மாதம். இந்த நோய் நுரையீரலுக்குப் போகக்கூடியது என்பதால் நெஞ்சுக்கும் ஸ்கான். இன்னொன்றும் சொன்னார்: இந்த மருந்துகளால் பின்னாளில் பிள்ளை கிடைப்பது பாதிக்கப்படலாம், தொடங்க முதலே விந்தணுவைச் சேமித்து வைக்க முடியும். சின்னம்மா சீலைத்தலைப்பைப் பார்த்தா, நான் யன்னலைப் பார்த்தேன். அவன்தான் கேட்டான், "அதுக்கு எங்க போகோணும் டொக்டர்?" பிறகு என்ன செய்தான் என்பது அவனுடைய விசயம், எழுதமாட்டேன்.

கீமோவில் ஒன்று சிவப்பு நிறம். அது ஏறினால் சலமும் சிவப்பாகப் போகும். முதல்தரம் பார்த்தபோது பயந்து மிஸ்ஸியைக் கூப்பிட ஓடினேன். இன்னொன்று மெதோட்ரெக்ஸேட். பெரிய அளவில் ஏற்றிவிட்டு, அடுத்த நாள் அதை முறிக்கிற மருந்து நேரத்துக்குக் கொடுக்கவேணும், சேலைன் ஓடிக்கொண்டே இருக்கவேணும், போகிற சலத்தை அளந்து எழுதவேணும். என் வேலை அந்தக் கொப்பி. எவ்வளவு குடித்தான், எவ்வளவு போனது, காய்ச்சல் எத்தனை. 38 பாகைக்கு வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது, வெள்ளை அணு குறைந்த நேரத்தில் சின்னக் காய்ச்சலே ஆளைக் கொண்டுபோய்விடும். இரண்டு தரம் நடுச்சாமத்தில் ஓட்டோ பிடித்தோம்.

வீட்டில் வேறு யுத்தம். வாயெல்லாம் புண். குழம்பு தாளிக்கிற மணத்துக்கே ஓங்காளிப்பான். சமைத்துக் குடுக்கிறதை விட்டால் சின்னம்மாவுக்கு அன்பைக் காட்ட வேறு வழி தெரியாது, அதையும் அவன் வேண்டாம் என்றால் அவ என்ன செய்வா? கடைசியில் எங்கள் குசினியில் சமைத்துப் பொட்டுக்குள்ளால் கொண்டுபோனோம். ஒரு பெரியப்பா அன்னமுன்னா இலைக் கசாயத்தோடு வந்தார். ஈரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே பாடுபடுகிற நேரத்தில் டொக்டரைக் கேட்காமல் ஒரு இலையும் குடுக்கேலாது என்றேன். "படிச்ச திமிர்" என்று கோபித்துக்கொண்டு போனார். பிறகு வந்த சனத்தைப் படலையடியிலேயே மறித்தேன். பாதிப் பேர் பாசத்தில் வருகிறவர்கள், மீதி விடுப்புக் கேட்க வருகிறவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் தடிமன் இருக்கும். பாசமுள்ளவர்களிடம், "சின்னம்மாவை ரெண்டு மணித்தியாலம் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ" என்று கேட்டேன். கூட்டிக்கொண்டு போனார்கள்.

ஒப்பரேஷனுக்கு முதல் வாரம் வட்ஸ்அப்பில் குடும்பக் கூட்டம். கனடா மாமா "உயிர் முக்கியம், வெட்டச் சொல்லுங்கோ" என்றார். லண்டன் மாமி "குமர்ப்பெடியன்ர காலை வெட்டுறதோ" என்று அழுதா. முக்கால் மணித்தியாலம். யாரும் அவனைக் கேட்கவில்லை. அவன் கட்டிலில் இருந்தபடி, "கால் என்ர, அண்ணா. ஃபோனை வை" என்றான்.

அடுத்த கிளினிக்கில் அவனே கேட்டான். கட்டி நரம்பையும் இரத்தக்குழாயையும் தொடாமல் இருக்கிறதா? எலும்பை வெட்டி உலோக மூட்டு வைத்தால் ஃபுட்போல் விளையாடலாமா? ஏலாது என்றார் டொக்டர். வெட்டினால்? செயற்கைக் காலோடு ஓடவும் முடியும், ஆனால் வேறு கஷ்டங்கள் இருக்கின்றன என்றார். கட்டி கீமோவில் சுருங்கியிருந்ததால் இரண்டு வழியும் திறந்திருந்தது. ஒரு இரவு கேட்டான். காலமை, காலை வைத்துக்கொள்வதாகச் சொன்னான்.

அந்த இரவு அவன் வாசித்தது டெரி ஃபொக்ஸைப் பற்றி. கனடா மாமாவின் பிள்ளைகள் செப்டெம்பரில் பள்ளிக்கூடத்தில் ஓடுகிறார்களே, அவருடைய பெயரில்தான். 1977இல், 18 வயதில் இதே வருத்தம் வந்து வலது காலை எடுத்தார்கள். எடுப்பதற்கு முதல் நாள் இரவு அவருடைய கூடைப்பந்துப் பயிற்றுநர் ஒரு சஞ்சிகையைக் கொண்டுவந்து கொடுத்தார். செயற்கைக் காலோடு நியூயோர்க் மரதன் ஓடிய ஒருவரைப் பற்றிய கட்டுரை அதில் இருந்தது. 1980இல் டெரி புற்றுநோய் ஆராய்ச்சிக்குக் காசு சேர்க்கக் கனடாவைக் குறுக்கே ஓட வெளிக்கிட்டு, 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் போய்விட்டதால் நிறுத்தவேண்டி வந்தது. அடுத்த வருசம் செத்துப்போனார். தம்பி அந்தக் கடைசியையும் வாசித்திருந்தான். "எனக்கு அந்த கோச்சைத்தான் பிடிச்சது. அப்பிள் கொண்டு வரேல்ல" என்றான்.

2011இல் தேவேந்திரமுனையில் இருந்து பருத்தித்துறைக்கு 670 கிலோமீற்றர் நடந்து சேர்த்த காசில்தான் தெல்லிப்பழையில் புற்றுநோய் வைத்தியசாலையே வந்தது என்று நான் சொன்னேன். முதலெல்லாம் எங்கள் சனம் ஒவ்வொன்றுக்கும் மகரகமவுக்கு இரவு பஸ் ஏறவேணும். "நடந்த ஆக்களுக்கு முழங்கால் நொந்திருக்கும்" என்றான்.

ஒப்பரேஷன் முடிந்து, மிச்சக் கீமோவும் முடிந்துவிட்டது. ஊன்றுகோலோடு நடக்கிறான். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் நெஞ்சு ஸ்கான். அந்தக் கிழமை வீட்டில் யாரும் சத்தம் போட்டுக் கதைப்பதில்லை. போனமுறை கிளினிக்கில் பெயர் கூப்பிட, சின்னம்மா ஃபைலைத் தூக்கிக்கொண்டு எழும்பினா. அவன் கையை நீட்டினான். அவ என்னைப் பார்த்தா, பிறகு குடுத்தா. உள்ளே இருந்து வர இருபது நிமிசம் ஆனது. நாங்கள் இரண்டு பேரும் வாங்கில் இருந்தோம். "எட, இடியப்பத்துக்கு மா குழைக்காம வந்திட்டன்" என்றா சின்னம்மா.