பெரம்பலூர்ல கடல் இருந்துச்சு!

சென்னையிலிருந்து திருச்சிக்குக் கார்ல போகும்போது பசங்க கையில போனைக் கொடுத்துட்டா நமக்கு நிம்மதிதான். ஆனா அந்தச் சாலையில பாலாறு, தென்பெண்ணை, வெள்ளாறு, கொள்ளிடம், காவிரின்னு வரிசையா ஆறுகள் வரும். பாலம் வரப்போகுதுன்னு சொல்லி, அடுத்து எந்த ஆறுன்னு கேட்டுப் பாருங்க. மணல் தெரியுதா, தண்ணி தெரியுதான்னு அவங்களே பேச ஆரம்பிப்பாங்க. மஞ்சள் மைல்கல் தேசிய நெடுஞ்சாலை, பச்சை மாநிலச் சாலை; அது போற போக்குல சொல்ற விஷயம்.

எனக்குப் பிடிச்சது பெரம்பலூர்தான். கிழக்கே பிரிஞ்சு போனா சாத்தனூர்ல 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கு. சுமார் 12 கோடி வருஷத்துக்கு முந்தியது. அப்போ அந்தப் பக்கம் கடல். ஆத்து வெள்ளம் அடிச்சுட்டு வந்த மரம் சேத்துல புதைஞ்சு, கொஞ்சம் கொஞ்சமா கல்லாயிடுச்சு. பக்கத்துல காரை கிராமத்து மண்மேடுகள்ல கடல்வாழ் உயிரிகளோட புதைபடிவங்கள் கிடைச்சிருக்கு. "இங்க கடலாப்பா?"ன்னு பிள்ளை நம்பாம கேட்கும் பாருங்க, எந்தப் பாடப்புத்தகமும் அதைக் கேட்க வைக்காது. (தயவுசெஞ்சு திரும்பி வந்ததும் கட்டுரை எழுதச் சொல்லாதீங்க!)

போறவங்க தொப்பியும் தண்ணியும் எடுத்துக்கோங்க, நிழல் கம்மி. புதைபடிவம் கண்ணுல பட்டா போட்டோ எடுங்க, பையில போடாதீங்க.