உராய்வை அளந்து வைத்தல்

பழைய வண்டியை முழுசாகப் பிரித்துக் கட்டும்போது என்ஜினைச் சுற்றித்தான் கூட்டம் கூடும். பின்னால் கிடக்கும் டிஃபரன்ஷியலை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஜாகுவார் இ-டைப்பில் எனக்குப் பிடித்த இடமே அதுதான். 1961-ல் வந்த 3.8 லிட்டர் வண்டியிலேயே சாலிஸ்பரியின் பவர்-லாக் என்ற லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல் உண்டு.

சாதா டிஃபரன்ஷியலில் ஒரு சக்கரம் சேற்றில் சுழன்றால், காய்ந்த தரையில் நிற்கும் மறு சக்கரத்துக்கும் அதே சொற்ப இழுவைதான் போகும். பவர்-லாக்கில் இதற்காகவே சைடு கியர்களுக்குப் பின்னால் கிளட்ச் பிளேட் அடுக்கு இருக்கிறது. நான்கு ஸ்டார் பினியன்களைத் தாங்கும் இரண்டு குறுக்குத் தண்டுகளும் ஒன்றோடொன்று பிணையாமல் நிற்கும். அவற்றின் முனைகள் கேசிலுள்ள சரிவுகளில் உட்கார்ந்திருக்கும். இழுவை கூடக் கூடத் தண்டு சரிவில் ஏறும், ஏறிய அளவுக்குப் பிளேட்டுகளை நெருக்கும். உராய்வைக் குறைத்தே பழகிய கை, இங்கே உராய்வை அளந்து உள்ளே வைக்க வேண்டியிருக்கிறது.

பிரிக்கும்போதே கேசின் இரு பாதிக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிவிடுவேன். மறுபடி மூடும்போது அந்தக் கோடு சேர்ந்தே ஆக வேண்டும். பிளேட்டுகளின் முகம் பளபளப்பாக இருந்தாலே பலர் திருப்திப்படுவார்கள். நான் முதலில் பார்ப்பது அவற்றின் காதுகளையும், அந்தக் காதுகள் உட்காரும் கேசின் காடிகளையும். காடியின் ஓரத்தை நகத்தால் வருடினால் பள்ளம் விழுந்திருப்பது தெரியும். காது அதில் மாட்டிக்கொண்டால், புதுப் பிளேட் போட்டும் அடுக்கு ஒழுங்காக நகராது. சரிவுகளில் தேய்மானம் இருந்தால் கதை அதைவிட மோசம்.

புதுப் பிளேட்டுகளை எண்ணெயில் ஊறவைத்துத்தான் அடுக்குவேன். ஒன்று காது உள்ளது, ஒன்று நடுவில் பல் உள்ளது என்று மாற்றி மாற்றி வரும். லேசாகக் குழிந்த பிளேட்டின் குவிந்த முதுகு கேசின் பக்கம் இருக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்து நம்பக் கூடாது. ஸ்கேலை மேலே வைத்து வெளிச்சம் தெரிகிற பக்கத்தைப் பார்த்தால் சந்தேகம் தீரும்.

அவசரக்காரர்கள் மாட்டுவது இதற்கு அடுத்த கட்டத்தில். சைடு கியரும் அதன் வளையமும் தனித்தனி உருப்படிகள், ஆனால் சக்கரத்துக்குப் போகும் ஒரே ஷாஃப்ட் இரண்டின் பல்லிலும் நுழைய வேண்டும். கேசின் இரு பாதியையும் சேர்க்கும் போல்ட்டுகளைக் கையால் மட்டும் முடுக்கி, இரு பக்கமும் ஷாஃப்டைச் செருகி, அவை உள்ளே இருக்கும்போதே டார்க் ரெஞ்சை எடுக்க வேண்டும். இறுக்கிய பிறகு செருகப் பார்த்தால் நுழையாது, திரும்பக் கழற்ற வேண்டியதுதான். பிறகு ஒரு ஷாஃப்டையும் டிரைவ் பினியனையும் பூட்டிவிட்டு மறு ஷாஃப்டை அசைத்துப் பார்ப்பேன். 6 அங்குல ஆரத்தில் முக்கால் அங்குலத்துக்கு மேல் அது திரும்பக் கூடாது.

கிரவுனும் பினியனும் ஜோடி. பேக்லாஷ் கணக்கு கிரவுனிலேயே பொறித்திருக்கும். ஷிம்மும் டயல் கேஜும் பொறுமையும் இருந்தால் போதும்.

இன்னும் இறுக்கமாகக் கட்டிக் கொடுங்கள் என்று கேட்கும் வண்டிக்காரர்கள் உண்டு. பந்தயத்துக்குச் சரி. ரோட்டில் ஓட்டுகிற வண்டி திருப்பத்தில் திரும்பத் தயங்கும், பின் டயர் தேயும். எனக்கு அதில் சம்மதமில்லை. இந்த வண்டியில் பிரேக் டிஸ்க்கும் டிஃபரன்ஷியலை ஒட்டியே இருப்பதால், சூட்டில் ஆயில் சீல் கெடும். அதை மாற்றுவதற்குப் பின் சஸ்பென்ஷன் கூண்டையே இறக்க வேண்டும். ஆகவே கூண்டு கீழே இருக்கும்போதே சீலையும் மாற்றிவிடுவது நல்லது.

எண்ணெய் லிமிடெட் ஸ்லிப்புக்கு உரியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மெதுவாக வளைக்கும்போது பின்புறம் அதிரும். பட்டறைப் பையன்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுவேன்: சோதிக்கும்போது இரண்டு பின் சக்கரமும் தரையை விட்டு எழும்பியிருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் ஜாக் கொடுத்துக் கியர் போட்டால், தரையிலிருக்கும் சக்கரம் வண்டியை ஜாக்கிலிருந்து இழுத்துக்கொண்டு எதிர்ச் சுவருக்குப் போய்விடும்.