முழுக்குத்துறைக்குப் போகும் வழி

மல்பேயில் எங்கள் வீட்டுக் கொல்லைக் கதவைத் திறந்தால் தென்னந்தோப்பு. தோப்பைத் தாண்டினால் மணல். மணலைத் தாண்டினால் கடல். ராத்திரி விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தால் அலைச் சத்தம் தலைமாட்டிலேயே கேட்கும். கம்மாபுரத்தில் பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, ஐம்பது வயது வரைக்கும் மொத்தமாகக் கூட்டினால் ஐம்பது நாள்கூடக் கடலைப் பார்த்திராதவள் நான். இப்போது எழுந்தால் கடல், படுத்தால் கடல். இதில் எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் மாசி மாதம் பிறந்துவிட்டால் மனசு இங்கே நிற்பதில்லை.

2022 கார்த்திகையில் இங்கே வந்தோம். மகளுக்கு மணிப்பாலில் வேலை. என் கணவர் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், பென்ஷன்தான் வருமானம். சென்னைக்குப் போனால் அதில் பாதி வாடகைக்கே சரியாகிவிடும். கடலோரமாக ஒரு சின்ன ஊரில் கடைசிக் காலத்தைக் கழிக்கவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. நம் கடலூர்க் கரையிலேயே பார்க்கலாமே, பரங்கிப்பேட்டை இல்லையா, சாமியார்பேட்டை இல்லையா என்று நான் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் வாசல் பலா மரம் இருந்த குழியைப் பார்த்தார். 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலை தானே புயல் கரையேறியபோது விழுந்த மரம் அது. எங்கள் ஒரு மரம் என்ன, பண்ருட்டி, குறிஞ்சிப்பாடிப் பக்கமெல்லாம் முந்திரித் தோப்பும் பலாவும் வேரோடு படுத்துக் கிடந்தன. அதற்கு ஏழு வருஷம் முன்னால் சுனாமி. 2015இல் வெள்ளம். "ஐப்பசி கார்த்திகை வந்தா வானத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்க இனிமே என்னால ஆவாது" என்றார். சரி என்றேன்.

புதுச்சேரியிலிருந்து மங்களூர் போகிற ரயில் விருத்தாசலம் வழியாகத்தான் போகிறது. சாமான் செட்டோடு அதில் ஏறினோம். கிழக்குக் கரையில் புறப்படும் வண்டி மேற்குக் கரையில் கொண்டுபோய் நிறுத்துகிறது. மங்களூரிலிருந்து உடுப்பி, உடுப்பியிலிருந்து ஆறு கிலோமீட்டரில் மல்பே. நல்ல ஊர். எங்கள் கைக்குக் கட்டுப்படியாகிற வாடகை. மகள் வேலை முடிந்து இரவு பத்து மணிக்குத் தனியாக பஸ் இறங்கி நடந்து வருகிறாள். நான் வாசலில் நின்று தவிப்பதில்லை. வீட்டுக்காரம்மா மொகவீரர், மீன்காரக் குடும்பம். வந்த அன்றைக்கே முறத்தில் கானாங்கெளுத்தி கொண்டுவந்து வைத்து "மீன்" என்றார். துளுவிலும் மீன் மீன்தான். தண்ணீருக்கு அவர்களும் நீர் என்றுதான் சொல்கிறார்கள். இந்த இரண்டு சொல்லை வைத்துக்கொண்டே முதல் ஒரு மாதத்தை ஓட்டினேன்.

மழைதான் பழக வெகுநாள் ஆயிற்று. ஆனியில் தொடங்கினால் ஆவணி வரை விடாது. வருஷத்துக்கு 4,000 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பெய்கிற ஊர். நம் மாவட்டத்தில் பெய்வது ஏறக்குறைய இதில் மூன்றில் ஒரு பங்கு. அந்த மாதங்களில் கடல் சாம்பல் நிறமாகச் சீறும். கரையில் இறங்கவிட மாட்டார்கள். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகள் துறைமுகத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிக் கிடக்கும். நம் பக்கத்தில் அந்தத் தடை சித்திரையிலேயே தொடங்கி ஆனி பிறப்பதற்குள் முடிந்துவிடும். சூரியனும் அப்படித்தான். நம் கடலில் உதிக்கும். இந்தக் கடலில் விழும். சாயங்காலம் ஊரே போய் நின்று அதைப் பார்க்கிறது. நானும் பார்க்கிறேன், அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலைப் பார்த்தால் பொழுது விடிந்ததாக அர்த்தம் என்று சிறுவயதில் என் உடம்பில் பதிந்துவிட்டது.

அது மாசி மகத்தால் வந்தது. ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக்கு வந்து, முழுக்குத்துறைக் கடலில் தீர்த்தவாரி கொடுப்பார். எங்களுக்கெல்லாம் கடல் என்றால் அதுதான், வருஷத்துக்கு ஒரு நாள். கம்மாபுரத்திலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல். ஆயா காலத்தில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு, வழியில் தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுப் போவார்களாம். எனக்கு நினைவு தெரிந்தபோது டிராக்டர் வந்துவிட்டது. டிரெய்லரில் வைக்கோலைப் பரப்பி, மேலே சாக்கு விரித்து, தெருவே ஏறும். ராத்திரிச் சோறு முடிந்த கையோடு கிளம்பினால் விடிவதற்குள் கடல்.

மகம் என்றால் பௌர்ணமியை ஒட்டி வரும். அதனால் அந்த வழி முழுக்க நிலா கூடவே வரும். சம்பா அறுப்பு முடிந்த வயல்களில் உளுந்து முழங்கால் உயரத்துக்கு நிற்கும். பனியில் இலைகள் மினுங்கும். திரும்பிப் பார்த்தால் நெய்வேலிப் பக்கம் வானம் விளக்கு வெளிச்சத்தில் வெளுத்திருக்கும். அங்கே ராத்திரி என்பதே கிடையாது. சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்று அணைக்கட்டருகில் நிறுத்தி டிராக்டருக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அங்கே டீ. பெரியவர்களுக்கு மட்டும்தான், எங்களுக்கு வறுத்த மல்லாட்டை. பிற்காலத்தில் எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலை வந்த பிறகு அந்த இடத்துக்கு ஒரு வாசனையும் சேர்ந்துகொண்டது. கரும்பு அரவை நேரம் அது. கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் சேத்தியாத்தோப்பு வந்துவிட்டது என்று மூக்கு சொல்லும்.

புவனகிரி வரும்போது எல்லோரும் தூங்கியிருப்போம். ஆயா மட்டும் விழித்திருப்பார். அவர் மடியில் ஒரு பித்தளைச் செம்பு, காலியாக. பி.முட்லூர் தாண்டியதும் என் கன்னத்தில் தட்டி, "மூக்க இழுத்துப் பாரு" என்பார். இழுப்பேன். வயல் காற்றுக்குள் வேறொரு காற்று வந்து கலந்திருக்கும். ஈரமும் உப்பும் சேற்று வாடையும் சேர்ந்தது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காட்டிலிருந்து வருவது. முதல் தடவை அதை முகர்ந்தபோது எனக்கு ஆறோ ஏழோ வயது. கடல் இன்னும் கண்ணில் படவில்லை, ஆனால் வந்துவிட்டது. அந்தக் கொஞ்ச தூரம்தான், வாசனைக்கும் கடலுக்கும் நடுவில் இருந்த அந்தக் கொஞ்ச தூரம், என் வாழ்நாளில் நான் பட்ட பெரிய சந்தோஷம் என்று இப்போது நினைக்கிறேன்.

முழுக்குத்துறையில் இறங்கினால் இருட்டில் ஜனங்கள் தலைதலையாய்த் தெரிவார்கள். அலையைப் பார்ப்பதற்கு முன் கேட்போம். பிறகு கிழக்கு வெளுக்கும். பெருமாள் வந்து சேர்வதற்குள் நாங்கள் ஒரு முழுக்குப் போட்டிருப்போம். ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து வருகிற வழியெல்லாம் மண்டகப்படி அவருக்கு. கிள்ளைத் தைக்காலில் தர்கா சார்பில் பெருமாளுக்கு மரியாதை நடக்கும். பெருமாள் மாலை தர்காவுக்குப் போகும். இதை யாரும் எங்களுக்கு அதிசயமாகச் சொல்லிக்கொடுக்கவில்லை. மாசி மகம் என்றால் இப்படித்தான் என்று பார்த்து வளர்ந்தோம்.

தீர்த்தவாரி முடிந்ததும் ஆயா இடுப்பளவு தண்ணீரில் போய்ச் செம்பை முக்குவார். வெள்ளைத் துணியால் வாய்க்கு வேடு கட்டுவார். திரும்புகிற வழியெல்லாம் டிரெய்லர் குலுங்கும்போது துணி நனைந்து நனைந்து காயும். வீடு வருவதற்குள் அதன்மேல் உப்பு பொரிந்து நிற்கும். நான் விரலால் தொட்டு நக்கியிருக்கிறேன். வீட்டுக்குள் நுழையுமுன் அந்தத் தண்ணீரை வாசற்படி, மாட்டுக் கொட்டில், கிணற்றடி என்று தெளிப்பார். மிச்சம் பலா மரத்தடிக்கு. உப்புத் தண்ணி ஊற்றினால் மரம் கெட்டுப்போகாதா என்று அப்பா கேட்டதுண்டு. ஒரு கைப்பிடிதானே என்பார் ஆயா.

அந்தச் செம்பு இப்போது மல்பேயில் என் அடுப்படியில் இருக்கிறது. மோர் வைத்திருக்கிறேன் அதில்.

ஆயாவுக்குக் கடலைப் பற்றி ஒரு கணக்கு இருந்தது. 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு வெட்டியபோது கறுப்பாக ஏதோ வந்து, அதிலிருந்துதான் நெய்வேலி பிறந்தது என்பது எங்கள் ஊர்க் குழந்தைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1957 மே மாதம் நேரு வந்து சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். 1961இல் பழுப்பு நிலக்கரி கண்ணில் பட்டது. கரிப் படுகைக்கு அடியில் தண்ணீர் பெரும் அழுத்தத்தோடு நிற்கிறது. அதை இரவும் பகலும் இறைத்துக்கொண்டே இருந்தால்தான் சுரங்கத்தில் நிற்க முடியும். இல்லாவிட்டால் தரையைப் பிளந்துகொண்டு வந்துவிடும். ஆயா இளவயதில், போர் போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் தானாகப் பொங்கி வழிந்த இடங்களைப் பார்த்திருக்கிறார். "நம்ம காலுக்கு அடியிலயும் கடல்தான் கெடக்கு. பெருமாள் பூமியத் தூக்கியாந்தாரே, அந்தக் கடல்" என்பார். வராகமாய் வந்து கடலுக்குள்ளிருந்து பூமியை மீட்டவர், வருஷத்துக்கு ஒருமுறை திரும்பக் கடலைப் பார்க்கப் போகிறார். நாமும் கூடப் போகிறோம். ஆயாவுக்கு அது அவ்வளவு எளிமையாக இருந்தது. மைன்ஸில் இறைத்த தண்ணீர் வாய்க்காலில் வந்து எங்கள் பக்கத்து வயல்களில் பாய்ந்தபோதும், அதையும் பெருமாள் கணக்கிலேயே வைத்துக்கொண்டார்.

மல்பேக்கும் இப்படி ஒரு கதை இருக்கிறது. துவாரகையிலிருந்து வந்த கப்பல் ஒன்று இந்தக் கரைக்கு எதிரே புயலில் தத்தளித்ததாம். மத்வாச்சாரியார் அதைக் கரை சேர்த்தாராம். கப்பல்காரன் நன்றியாகக் கொடுத்த கோபிசந்தனக் கட்டிக்குள் இருந்தவர்தான் உடுப்பிக் கிருஷ்ணர். இங்கே சாமி கடலிலிருந்து வந்தார். எங்கள் சாமி கடலுக்குப் போகிறார். வீட்டுக்காரம்மாவிடம் அரைகுறைக் கன்னடத்தில் இதைச் சொன்னபோது, எந்த ஊர் வழியாகப் போவீர்கள் என்று கேட்டார். சேத்தியாத்தோப்பு அவருக்குத் தெரியவில்லை. புவனகிரி என்றதும் கையைக் கூப்பிவிட்டார். ராகவேந்திரர் பிறந்த ஊர் அல்லவா! நான் தூங்கிக்கொண்டே கடந்த ஊரை, இந்தியாவின் இந்தக் கோடியில் ஒரு பெண்மணி கண்ணை மூடிக் கும்பிடுகிறாள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது.

மல்பேக்காரர்களும் ஆவணி அவிட்டப் பௌர்ணமியை ஒட்டி, படகு இறங்குவதற்கு முன், வடபாண்டேசுவரர் கோயிலிலிருந்து ஊர்வலமாய் வந்து கடலுக்குப் பால் ஊற்றுகிறார்கள். கூட்டத்தோடு நானும் போனேன். ஐந்து நிமிஷ நடை. போனேன், பால் ஊற்றினேன், திரும்பி வந்து உலை வைத்தேன். பக்தியில் குறைவொன்றும் இல்லை. ஆனால் வழி இல்லை. ராத்திரி முழுக்கக் குலுங்கிப் போய், மூக்கில் முதலில் வாங்கி, காதில் பிறகு வாங்கி, கடைசியில் கண்ணால் பார்க்கிற கடல் அல்ல இது. கொல்லைக் கதவைத் திறந்தால் இருக்கிற கடலுக்குப் புறப்படுவது எப்படி?

ஊரை நினைத்து ஏங்குகிறாயா என்று மகள் கேட்கிறாள். ஊர் என்றால் வீடு பூட்டிக் கிடக்கிறது, வேண்டுமானால் போய்த் திறக்கலாம். நான் நினைத்துக்கொள்வது அந்த 40 கிலோமீட்டரை. அதுவும் அப்படியே இருந்துவிடப் போவதில்லை என்ற பயம்தான் இப்போது அடிக்கடி வருகிறது. 2023 ஜூலையில் சேத்தியாத்தோப்புப் பக்கம் வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, விளைந்து நின்ற நெல்வயலுக்குள் மண்வெட்டும் இயந்திரங்கள் இறங்கியதை டிவியில் பார்த்தேன். பச்சைப் பயிர் சேற்றோடு சுருண்டு போயிற்று. இங்கே வெளியே கொட்டுகிற மழை. உள்ளே அந்தப் படம். நாட்டுக்குக் கரண்டு வேண்டும், எங்கள் தெருவில் பாதிப் பேருக்குச் சோறு போட்டது அந்தச் சுரங்கம், இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தப் பயிருக்கு நடுவே நிலா வெளிச்சத்தில் போன டிரெய்லரின் தடம் எனக்குத் தெரிகிறதே, அதை நான் என்ன செய்ய?

இந்த மாசி மகத்தன்று காலை மோரை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டுச் செம்பைப் புளி போட்டுத் துலக்கினேன். கடற்கரைக்கு எடுத்துக்கொண்டு போகலாமா என்று யோசித்து, போகாமல், அப்படியே மேடையில் கவிழ்த்து வைத்தேன். பொழுது சாய்ந்த பிறகு சின்னம்மா மகளுக்குப் போன் போட்டேன். பின்னால் வேன் சத்தமும் குழந்தைகள் கத்துவதும் கேட்டது.

"இப்பதாங்க்கா வந்து எறங்கினோம். செம கூட்டம்."

யார் யார் வந்தார்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். சேத்தியாத்தோப்பில் நிறுத்தினீர்களா என்றேன். நிறுத்தினோம் என்றாள். உளுந்து எப்படி இருக்கிறது என்றேன். இந்த வருஷம் பரவாயில்லையாம்.

"தண்ணி எடுத்தாந்தியா?"

"எடுக்காம வருவனா? வாட்டர் பாட்டில்லதான் கொண்டாந்தேன். உன் ஊட்டு வாசப்படில தெளிச்சிட்டு, பலா மரத்துக் குழிலயும் ஒரு கை ஊத்திட்டேன். அந்தக் குழில என்னமோ மொளச்சிருக்குக்கா. பலாவா என்னான்னு தெரியல. ரெண்டு எலைதான் வுட்டுருக்கு."