பானைக்குள் பாஸ்

சிரிக்காதீர்கள், வீட்டில் இப்போது ஸ்பீக்கர் இருப்பது மண்பானைக்குள். ஒரு காலத்தில் நாமக்கல், ராசிபுரம் பக்கம் டீக்கடை, சலூன்களில் பார்த்த அதே ஏற்பாடுதான். கோன் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கும். இரண்டும் கலந்தால் பாஸ் அடிபட்டுப் போகும். பின்பக்கச் சத்தத்தைப் பானை உள்ளேயே பிடித்துவைக்கிறது. கொஞ்சம் பஞ்சு அடைத்தால் பானையின் சொந்தக் குரலும் அடங்கிவிடும். மரப்பெட்டிக்கான ஆசாரி கூலி மிச்சம்!

ஆம்ப்ளிஃபயர், பழைய சாமான் கடையில் எடுத்த அசெம்பிள் செட். கம்பெனிப் பெயரே கிடையாது. உள்ளே சான்யோவின் 4440 ஐசி. ஸ்டீரியோவில் பக்கத்துக்கு 6 வாட், பிரிட்ஜ் போட்டால் 19 வாட். வண்டி பேட்டரியின் 12 வோல்ட்டிலேயே ஓடும். இதைப் போய் 1000 வாட்ஸ் என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றதெல்லாம் வெறும் பந்தா. பத்துக்குப் பத்து அறைக்கு ரெண்டு வாட்டே தாராளம்.

துல்லியத்தில் புது புளூடூத் ஸ்பீக்கர் ஜெயிக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே டப்பாவிலிருந்து வருவது ஸ்டீரியோ ஆகாது. ஆறடி தள்ளி வைத்த ரெண்டு பானைக்கு நடுவில் உட்கார்ந்து, ஸ்டீரியோவில் பதிவான 1978 'ப்ரியா' பாடல்களைப் போடுங்கள். வயலின்கள் ஒரு பக்கம், தாளம் இன்னொரு பக்கம், நடுவில் ஜேசுதாஸ். போனைத் தொடவே தோன்றாது.

அடுத்து கேசட் டெக். பெல்ட் தளர்ந்து பாட்டு இழுக்கிறது. சேலத்தில் இன்னும் பெல்ட் மாற்றித் தரும் மெக்கானிக் தெரிந்தால் இன்பாக்ஸ் வாங்க.